காலியாக இல்லை என்னும் மறுப்பு

லினக்ஸின் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியிடம் வேலை வாங்கும் எழுத்துத் திரையில், ஓர் அடைவை நீக்குவதற்கென்றே அமைந்த கட்டளை ‘ஆர்எம்டிர்’ ஆகும். கோப்புகளையும் பிற அடைவுகளையும் தன்கீழ் வைத்துக்கொள்வது அடைவு. படங்களைச் சொடுக்கி இயக்கும் திரைகளில் கோப்புறை என்று காட்டப்படுவதும் இதுவே. ஆர்எம்டிர் விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: நீக்கப்படும் அடைவினுள் எதுவும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு கோப்பு எஞ்சியிருந்தாலும், ‘அடைவு காலியாக இல்லை’ என்று பொருள்படும் ஒற்றை வரியை எழுதிவிட்டு, எதையும் தொடாமல் அது நின்றுவிடுகிறது. லினக்ஸைப் புதிதாகப் பழகுவோர் இம்மறுப்பை ஒரு முட்டுக்கட்டையாகவே சந்திக்கின்றனர். அதை விலக்கும் வழியாக அவர்களுக்கு உடனே கற்பிக்கப்படுவது, உள்ளிருப்பவை அனைத்தையும் சேர்த்தழிக்கும் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்னும் கட்டளை. கற்ற பின் அதுவே எல்லா அடைவுகளுக்கும் உரிய வழக்கமாகிவிடுகிறது. காலியான அடைவை நீக்கவும் அதையே எழுதுகின்றனர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற அளவில் இது சிறு மாற்றமாகத் தோன்றினாலும், கணினி தரக்கூடிய ஒரு விடை இதனால் கேட்கப்படாமலேயே போய்விடுகிறது என்பதும், அந்த விடையின் மதிப்பு மிகப் பெரிது என்பதும், லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் மரபின் உள்ளமைப்பையும் அதில் நேர்ந்த சில பேரிழப்புகளையும் சேர்த்து நோக்கும்போது தெளிவாகின்றன.

திரையில் தெரியும் தோற்றத்துக்கு மாறாக, அடைவினுள் கோப்புகள் இல்லை; பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு பட்டியலே உள்ளது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள எண் ‘ஐநோடு’ எனப்படும் ஒரு பதிவைச் சுட்டுகிறது. கோப்பின் உரிமையாளர், அளவு, அனுமதிகள், வட்டில் அதன் தரவு கிடக்கும் இடங்களின் முகவரிகள் ஆகியவை ஐநோடில்தான் எழுதப்பட்டுள்ளன. கோப்பின் பெயர் மட்டும் அங்கே இல்லை. ஒரே ஐநோடை ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சுட்டலாம் என்பதால், தன்னை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற இணைப்பு எண்ணிக்கையையும் அது வைத்துக்கொள்கிறது. ஆகவே ‘கோப்பை அழி’ என்று இயக்குதளத்தின் மையமான கர்னலிடம் நேராகக் கேட்பதற்கு வழியே இல்லை. ‘அன்லிங்க்’ என்னும் அழைப்பின் மூலம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேட்கலாம். கர்னல் பெயரை எடுத்து, இணைப்பு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். எண்ணிக்கை சுழியாகி, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றான பின்பே வட்டின் இடம் விடுவிக்கப்படும். மிகப் பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை நீக்கிய பிறகும் வட்டில் காலியிடம் கூடாததைக் கண்டு நிர்வாகிகள் திகைப்பதற்குக் காரணம், ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருப்பதே.

அடைவுகள் இந்தப் பெயர்ப் பட்டியல்களைக் கோத்து மரமாக்குகின்றன. ஒவ்வோர் அடைவிலும் தன்னையே சுட்டும் ஒற்றைப் புள்ளியும், தன் தாய் அடைவைச் சுட்டும் இரட்டைப் புள்ளியும் பெயர்களாக உள்ளன. இவ்விரண்டைத் தவிர வேறு பெயர் இல்லாத அடைவே காலியான அடைவு எனப்படுகிறது. இப்போது, காலியில்லாத ஓர் அடைவின் பெயரை அதன் தாய்ப் பட்டியலிலிருந்து வெறுமனே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே இருந்த கோப்புகளின் ஐநோடுகள் அப்படியே இருக்கும். அவற்றைச் சுட்டும் பெயர்களும் இருக்கும். ஆனால் அப்பெயர்களை அடைவதற்கு மரத்தின் வேரிலிருந்து எந்த வழியும் இராது. தரவு வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், யாராலும் படிக்கவோ அழிக்கவோ இயலாது. இத்தகைய அநாதைக் கோப்புகளைத் தேடிப் பிடிப்பது, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ என்ற நிரலின் வேலைகளுள் ஒன்று. அது கண்டெடுத்தவற்றுக்கு ஐநோடு எண்ணையே பெயராக இட்டு, தொலைந்து கிடைத்தவற்றுக்கான தனி அடைவில் சேர்த்து வைக்கிறது. காலியில்லாத அடைவை நீக்க மறுப்பதன் முதற்காரணம் இதுதான். பயனரைப் பாதுகாப்பதற்கு முன்னால், மரம் அறுந்துபோகாமல் காப்பதே அதன் நோக்கம்.

இம்மறுப்பு தொடக்க காலத்தில் இவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தபோதே ஆர்எம், ஆர்எம்டிர் ஆகிய இரு கட்டளைகளும் அதில் இடம்பெற்றிருந்தன. ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் கூட, அடைவு காலியா என்று பார்க்கும் பொறுப்பு கர்னலிடம் இல்லை. ஆர்எம்டிர் என்ற சாதாரண நிரலிடமே இருந்தது. அந்நிரல் மேலாளருக்குரிய முழு அதிகாரத்துடன் இயங்கி, அடைவைத் திறந்து, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, புள்ளிகள் தவிர வேறொன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், அவ்விரு புள்ளிப் பெயர்களையும் இறுதியில் அடைவின் பெயரையும் அன்லிங்க் செய்தது. பார்த்து முடித்ததற்கும் நீக்கத் தொடங்கியதற்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் மற்றொரு நிரல் அங்கே ஒரு கோப்பை உருவாக்கினால் அது அநாதையாகும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1983-இல் வெளியான யூனிக்ஸின் 4.2 பிஎஸ்டி பதிப்பு இந்த இடைவெளியை அடைத்தது: பார்ப்பதும் நீக்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கர்னலுக்குள் சென்றன. அன்று முதல் ‘காலியாக இல்லை’ என்பது ஒரு நிரலின் கருத்தாக இல்லாமல் கோப்பு முறைமையின் உறுதிமொழியாக ஆயிற்று. பிற்கால லினக்ஸும் இதே ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. முழு அதிகாரம் படைத்தவர் கேட்டாலும் காலியில்லாத அடைவின் பெயரை அதன் கர்னல் எடுத்துத் தருவதில்லை.

அப்படியானால் ‘ஆர்எம் -ஆர்’ எவ்வாறு வேலை செய்கிறது என்ற கேள்வி எழும். ‘-ஆர்’ என்பது மரத்தின் கிளைதோறும் இறங்கிச் செல்லும்படி இடப்படும் விருப்பக் குறி. மொத்த மரத்தையும் ஒரே அழைப்பில் வீழ்த்தும் வசதி கர்னலில் இல்லை என்பதால், ஆர்எம் நிரல் அடைவினுள் நுழைந்து, அதனுள் இருக்கும் அடைவுக்குள் நுழைந்து, இனி இறங்க இடமில்லாத ஆழத்துக்குச் சென்று, அங்குள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த அடைவு காலியானதும் அதை நீக்கி, ஒரு படி மேலேறி, மீண்டும் அதையே செய்கிறது. ஓட்டு வீட்டைப் பிரிப்பவர்கள் ஓடுகளையும் சட்டங்களையும் இறக்கிய பிறகே சுவரில் கை வைப்பதைப் போல, வரிசை மாறினால் இவ்வேலை நடவாது. ஒவ்வொரு மட்டத்திலும் கடைசியாக நிகழ்வது அந்தப் பழைய வினாவேதான்: இவ்வடைவு காலியா? ஏழாம் பதிப்பின் ஆர்எம், அடைவை நீக்க வேண்டிய கட்டம் வந்ததும் ஆர்எம்டிர் நிரலையே தனியே அழைத்து அதனிடம் ஒப்படைத்தது. இன்றைய ஆர்எம் கர்னலை நேராக அழைக்கிறது, கேள்வி மாறவில்லை. காலியில்லாத அடைவை ஆர்எம் நேராக நீக்குவதே இல்லை. காலியாக்கப்பட்ட அடைவுகளே நீக்கப்பட்டு வந்துள்ளன.

ஒன்றொன்றாக நடக்கும் இம்முறைக்கு ஒரு விலை உண்டு. பாதி வழியில் நிறுத்தினால் மரம் பாதி அழிந்த நிலையில் நிற்கும். முன்னிருந்த நிலைக்குத் திரும்ப வழியில்லை. இறங்கிச் செல்லும் வேளையில் மரம் மாறிக்கொண்டும் இருக்கலாம். ஓர் அடைவைப் பார்த்துவிட்டு அதனுள் நுழைவதற்குள், தீய நோக்குடைய ஒருவர் அதை அகற்றி, அதே பெயரில் வேறோர் இடத்தைச் சுட்டும் குறியீட்டு இணைப்பை வைத்துவிட்டால், முழு அதிகாரத்துடன் இயங்கும் நிரல் அந்த இணைப்பின் வழியே சென்று தொடக்கூடாதவற்றை அழித்துவிடும். ரஸ்ட் மொழியின் அடிப்படை நூலகத்தில், அடைவை உள்ளிருப்பவற்றோடு நீக்கும் செயற்கூற்றில் இந்தப் பிழை இருந்தது 2022 ஜனவரியில் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. திறமையும் கவனமும் மிக்கவர்கள் எழுதிய நூலகத்தில், இவ்வளவு பிந்திய காலத்தில் அது கண்டறியப்பட்டது என்பதே இவ்வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் போதிய சான்று.

அனுமதிகளின் போக்கும் புதியவர்களுக்கு வியப்பளிப்பது. ஒரு கோப்பை நீக்குவதற்கு அக்கோப்பின் மீது எழுதும் உரிமை தேவையில்லை. அதன் பெயரைத் தாங்கும் அடைவின் மீது எழுதவும் நுழையவும் உரிமை இருந்தால் போதும், ஏனெனில் மாறுவது அடைவின் பட்டியலே. எனவே ஒருவர் தம் அடைவில் கிடக்கும் பிறருடைய கோப்பை நீக்கிவிடலாம். ஆனால் பிறருக்குச் சொந்தமான ஓர் அடைவு அங்கே இருந்து, அதனுள் ஏதேனும் இருந்தால், அதனுள் எழுதும் உரிமை இல்லாதபோது அதை நீக்க அவரால் இயலாது. அது காலியாக இருந்தால் இயலும். உள்ளே இருக்கும் ஒரே கோப்பு கூட முழு அடைவுக்கும் காவலாகிறது. எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிக அடைவுகளில் இந்த ஏற்பாடு போதாது என்பதால், ‘ஒட்டு பிட்’ என்னும் கூடுதல் குறி அங்கே இடப்படுகிறது; அக்குறி உள்ள அடைவில், கோப்பின் உரிமையாளரோ அடைவின் உரிமையாளரோ மேலாளரோ மட்டுமே பெயரை எடுக்கலாம்.

‘-எஃப்’ என்ற குறியைப் பற்றிய தவறான எண்ணம் பரவலாக உள்ளது. அது வலுக்கட்டாயத்தைக் குறிப்பதால், இல்லாத அதிகாரத்தை அது தருகிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அது எந்த உரிமையையும் கூட்டுவதில்லை. கேள்விகளை அடக்குகிறது, அவ்வளவே. எழுத முடியாதபடி பூட்டிய கோப்பு ஒன்றை எதிர்கொண்டால், வழக்கமான ஆர்எம் ‘இதை நீக்கவா?’ என்று முனையத்தில் கேட்கும். -எஃப் அக்கேள்வியை எழாமல் செய்கிறது, இல்லாத கோப்பைக் குறித்த புகாரையும் விழுங்கிவிடுகிறது. நிரலாளர்களிடையே இக்குறி விரல்பழக்கமாக வேரூன்றியதற்கு நியாயமான காரணமும் உண்டு. நிரல்மூலங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருள் தன் உட்கோப்புகளைப் படிக்க மட்டுமே இயன்றவையாக வைக்கிறது. அத்தகைய அடைவை வெறும் ‘-ஆர்’ கொண்டு நீக்க முயன்றால் நூற்றுக்கணக்கான முறை ‘ஆம்’ என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். மிகையான கேள்விகள் மனிதரைக் கேள்விகளையே வெறுக்கச் செய்கின்றன. க்னூ திட்டம் வழங்கும் ஆர்எம்மில் இதற்கு இடைவழியாகப் பெரிய ‘-ஐ’ குறி உள்ளது: மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளையோ ஒரு மரத்தையோ நீக்கும் முன் ஒரே ஒருமுறை மட்டும் கேட்கும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டோர் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

கேள்வி கேட்கப்படாமல் போவதன் விளைவை, நிரல்மூலங்களைச் சேமித்து வழங்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நேர்ந்த இழப்பு காட்டுவதைப் போல வேறொன்று காட்டாது. அதன் விவரங்களை அந்நிறுவனமே, பிறர் கற்றுக்கொள்ளட்டும் என்று, மறைக்காமல் வெளியிட்டது. கணினித் துறையில் அரிதான இந்த நேர்மை பாராட்டுக்குரியது. அங்கே முதன்மைத் தரவுத்தளச் சேவையகம் ஒன்றும், அதன் நகலைத் தொடர்ந்து பெறும் இரண்டாம் சேவையகம் ஒன்றும் இருந்தன. மிகுந்த சுமையால் நகலெடுப்பு பின்தங்கி நின்றுபோக, பொறியாளர் ஒருவர் இரண்டாம் சேவையகத்தின் தரவு அடைவைத் துடைத்துவிட்டு முழு நகலைப் புதிதாக எடுக்க முயன்றார். நகலெடுக்கும் நிரல் எதுவும் சொல்லாமல் அசைவற்று நின்றது. காலியான தரவு அடைவு ஒன்று அங்கே இருப்பதையே அந்நிரல் ஏற்கவில்லை போலும் என்று கருதிய அவர், அந்த அடைவையும் நீக்கிவிட எண்ணினார். நீக்கும் கட்டளை முதன்மைச் சேவையகத்தின் முனையத்தில் இடப்பட்டுவிட்டது. ஓரிரு நொடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் அளவே எஞ்சியிருந்தது.

இந்நிகழ்வைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் காப்புநகல்களைச் சுற்றியே நடந்தன. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அன்றாடக் காப்பு எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒவ்வாததால் காப்புகள் உருவாகவே இல்லை, அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் பெறுநரைச் சென்றடையவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுக்கப்பட்ட ஒரு நிலைப்பதிவுதான் தளத்தை மீட்டது. இடைப்பட்ட காலத்தில் சேர்ந்தவை, ஏறத்தாழ 5,000 திட்டப்பணிகளையும் 700 புதிய பயனர் கணக்குகளையும் தொட்டவை, திரும்பவில்லை. ஆனால் காப்புநகல் பற்றிய பேச்சில் அடிபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. அப்பொறியாளர் நீக்க எண்ணியது காலியான ஓர் அடைவை. காலியான அடைவை நீக்குவதற்கென்றே உள்ள கட்டளையை அவர் இட்டிருந்தால், முதன்மைச் சேவையகம் ‘அடைவு காலியாக இல்லை’ என்று பதிலளித்திருக்கும். எந்த முனையத்தில் இருக்கிறோம் என்பதை அவ்வொற்றை வரியே உணர்த்தியிருக்கும். களைத்திருந்த ஒரு மனிதரைக் குறைகூறுவதற்காக இது இங்கே சொல்லப்படவில்லை; எல்லோரும் எழுதுவதைத்தான் அவரும் எழுதினார். தாம் நம்புவது என்ன என்பதைக் கணினியிடம் தெரிவிக்க வாய்ப்பளிக்கும் கட்டளை கையருகே இருந்தும், அதை வழக்கத்திலிருந்து உதிரவிட்ட ஒரு தொழிற்பழக்கமே இங்கு கவனத்துக்குரியது.

மனிதக் கை நேராகத் தொடாத இடங்களில் ஆபத்து இன்னும் கூடுகிறது. 2011-இல் பம்பிள்பீ என்ற திறந்தமூல மென்பொருளின் நிறுவல் நிரலில் ஒரு முகவரியின் நடுவே தவறுதலாக விழுந்த ஓர் இடைவெளி, அம்முகவரியை இரண்டாகப் பிளந்து, இயக்குதளத்தின் பெரும்பகுதி வாழும் ‘/யுஎஸ்ஆர்’ அடைவையே அழிவுப் பட்டியலில் சேர்த்தது. 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், தன் அடைவின் முகவரியைத் தாங்க வேண்டிய ஒரு மாறி சில சூழல்களில் வெறுமையாகிவிட, அதன் பின்னே ஒட்டியிருந்த சாய்கோடும் நட்சத்திரக் குறியும் மட்டும் மிஞ்சி, வேரடைவின் கீழுள்ள அனைத்தையும் குறித்தன. பயனர் நீக்க உரிமை பெற்றிருந்த கோப்புகள் எல்லாம், இணைத்திருந்த வெளி வட்டில் உள்ளவை உட்பட, அழிந்தன. அவ்வரிக்கு மேலே, இது அச்சம் தருவது என்ற குறிப்பை நிரலை எழுதியவரே இட்டிருந்தார். அச்சத்தைக் குறிப்பாக எழுதியவர், மாறி வெறுமையானால் அங்கேயே நிற்கும்படி ஒரு சோதனையைச் சேர்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

வேரடைவையே நீக்கும் கட்டளைக்கு எதிராக இந்நிகழ்வுகளுக்கு முன்பே காவல் சேர்க்கப்பட்டிருந்தது: 2005-இல் வெளிவந்த சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 10 இயக்குதளம் அதை மறுத்தது, 2006-இல் ஆர்எம் உள்ளிட்ட கட்டளைகளைக் கொண்ட க்னூவின் கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 6.4 பதிப்பும் இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. ஆனால் நட்சத்திரக் குறியை விரித்துப் பெயர்களாக்குவது ஷெல் எனப்படும் கட்டளை ஏற்பி; ஆர்எம் அதைக் காண்பதே இல்லை. வேரின் கீழுள்ள பெயர்கள் தனித்தனியே வந்து சேரும்போது அவை வேரையே குறிக்கின்றன என்று அறிய அதற்கு வழியில்லை. ஸ்டீம் நிகழ்வில் இக்காவல் உதவாததற்குக் காரணம் இதுவே. அடைவுகளாகத் தெரிபவை எல்லாம் வட்டிலுள்ள கோப்புகளும் அல்ல. தாய்ப்பலகையின் தொடக்க அமைப்புகளும் லினக்ஸில் ஓர் அடைவாகக் காட்டப்படுவதால், வேரிலிருந்து அழித்த சிலருடைய மடிக்கணினிகள் மீண்டும் இயங்கவே இயலாமற்போன செய்தி 2016-இல் வெளிவந்தது. அதன் பின்னர் அப்பதிவுகள் எளிதில் நீக்க இயலாதபடி கர்னலில் பூட்டப்பட்டன.

இத்தனைக்குப் பிறகும், ஆர்எம் -ஆர்எஃப் கட்டளையின் இறுதியில் ‘அடைவு காலியாக இல்லை’ என்ற வரி தோன்றும் வேளைகள் உண்டு. அனுபவமுள்ள நிர்வாகிகளையும் இது குழப்புகிறது. எல்லாவற்றையும் நீக்கச் சொன்ன பிறகும் எப்படி இவ்வாறு வரும்? நிரல் ஒருபுறம் பெயர்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றொரு நிரல் அதே அடைவில் புதிய கோப்புகளை உருவாக்கிக்கொண்டிருந்தால், கடைசி வினா கேட்கப்படும் கணத்தில் அடைவு காலியாக இராது. கர்னலின் விடையை -எஃப் குறியால் அடக்க முடியாது. வலையமைப்பு வழியே பகிரப்படும் என்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இதற்கு வேறொரு காரணமும் சேர்கிறது: திறந்திருக்கும் கோப்பை நீக்கினால், பயன்படுத்தும் நிரலுக்கு அது கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக, புள்ளியில் தொடங்கும் மறைபெயர் ஒன்றைச் சூட்டி அதைத் தற்காலிகமாக விட்டுவைக்கிறது பயனர்புறக் கணினி. ‘எல்எஸ்’ கட்டளையின் வழக்கமான பட்டியலில் புள்ளிப் பெயர்கள் காட்டப்படுவதில்லை என்பதால் அடைவு காலியாகவே தோன்றும். இவ்விரு நிலைகளிலும் கட்டளையை மீண்டும் மீண்டும் இடுவது பலரது வழக்கம். அவ்வரி சொல்வது, யாரோ இதை இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்பது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையை அவ்வடைவின் மீது இயக்கினால், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் நிரலின் பெயரும் எண்ணும் உரிமையாளரும் கிடைக்கும். அந்நிரல் எதற்காக அங்கே எழுதிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து, நிறுத்தலாம் என்றால் முறைப்படி நிறுத்தி, அதன்பின் அடைவை வேறு பெயருக்கு மாற்றி, ஒரு நாளேனும் எவரும் அதைத் தேடி வருகின்றனரா என்று பார்த்த பிறகு நீக்கலாம்.